வேர்நுனியிலிருந்து காடு வரை: கலாநிதி ஜானகி அம்மாள்

எமது பாடசாலையின் முதல் வகுப்புக் கூடிய காலத்தை ஒட்டி, 1925ஆம் ஆண்டில், மலையாளக் கரையிலே பிறந்த ஒரு பெண் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே தாவரவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பெண்பிள்ளைக்கு நான்காம் வகுப்பு எதற்கு என்று எங்கள் தோட்டங்களிலே கேட்ட காலம் அது. கொழுந்துக் கூடையைத் தூக்கும் வயது வந்ததும் பிரட்டுக்களத்தில் பெயர் பதிவதே வழக்கம். அந்தக் காலத்திலேயே கடல் கடந்து போய்ச் செடிகளின் உள்ளே பார்த்துப் பட்டம் வாங்கிய இந்தப் பெண்ணின் பெயர் எடவலத்து கக்கத்து ஜானகி அம்மாள். நூற்றாண்டு மலரில் அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றிப் பலர் எழுதுவார்கள். விஞ்ஞானப் பிரிவில் படித்து வெளியேறிய எம்மவர்களுக்கும், இன்று அப்பிரிவில் இருக்கும் தங்கைமாருக்கும் இவரைப் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கட்டும் என்று எண்ணினேன்.

1897 நவம்பர் 4ஆம் திகதி தலச்சேரியில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை கிருஷ்ணன் துணை நீதிபதி. வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம் வைத்திருந்தார், வட மலபாரின் பறவைகளைப் பற்றி நூல் எழுதினார். தாயார் தேவி. இரண்டு தாரத்துப் பிள்ளைகளுமாகப் பத்தொன்பது பேர் கொண்ட குடும்பம். இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு மகள் தகப்பனின் தோட்டத்திலே எதைக் கற்றாள் என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் செடியைக் கவனித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். தலச்சேரியில் கன்னியர் மடப் பாடசாலையிலே படித்தார். பிறகு சென்னை. 1914இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரி பெண்களுக்கென அந்நகரில் எழுந்த முதலாவது கல்லூரி. அங்கே இளமாணிப் படிப்பு. அதன்பின் மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் சிறப்புப் பட்டம். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலே விரிவுரையாளரானார்.

அக்காமார் ஒவ்வொருவராகக் கலியாணமாகிப் போனார்கள். இவருக்கும் உறவில் ஒரு பேச்சு வந்தது. அதே வேளையில் மிச்சிகனிலிருந்து பார்பர் புலமைப்பரிசிலும் வந்தது. ஆசிய நாடுகளின் பெண்களுக்கென்றே லீவை பார்பர் என்பவர் 1917இல் ஏற்படுத்திய உதவித்தொகை அது. ஜானகி கப்பலேறினார். கலியாணம் கடைசிவரை நடக்கவில்லை. இதை ஒரு தியாகம் போலச் சிலர் எழுதுகின்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரும்பியதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மிச்சிகனிலே மார்த்தா குக் என்ற பெண்கள் விடுதியில் தங்கி, பேராசிரியர் பார்ட்லெட் என்பவரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். அங்கே அவர் கையாண்ட செடிகளில் எமக்கு நன்கு தெரிந்த ஒன்று உண்டு. அது கத்தரி. வெவ்வேறு வகைகளைக் கலப்புச் செய்து அவர் உண்டாக்கிய ஒரு கத்தரிக்கு அவருடைய பெயரே வழங்கியது. முதுமாணிக்குப் பின் சென்னைக்கு வந்து சில காலம் கற்பித்துவிட்டு, மீண்டும் மிச்சிகனுக்குப் போய் 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலே தாவரவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது இந்தியப் பெண் இவரே என்பர்.

அவருடைய துறை கலவியல். உயர்தர வகுப்பில் வெங்காயத்தின் வேர்நுனியை வெட்டி, சாயமேற்றி, வழுக்கியில் வைத்துப் பெருவிரலால் நசுக்கி, நுணுக்குக்காட்டியில் நிறமூர்த்தங்களைத் தேடிய நினைவு எம்மிற் பலருக்கு இருக்கும். முதல் தடவை ஒன்றும் தெரியாது, நீலமாக ஒரு புகை மாத்திரம் தெரியும். பிறகு ஒரு கலத்திலே நூல் நூலாக அவை பிரிந்து கிடப்பதைக் கண்டதும் வகுப்பே வந்து எட்டிப் பார்க்கும். ஜானகி அம்மாள் அறுபது வருடங்களுக்குக் கிட்ட இதைத்தான் செய்தார். வெங்காயத்துக்கு 16, தேயிலைக்கு 30 என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணும் அவற்றின் வடிவமும் தெரிந்தால் எந்தச் செடி எதற்கு உறவு, எது பழையது, எது அண்மையில் பிரிந்து வந்தது, எதனோடு எதைக் கலக்கலாம் என்று ஊகிக்கலாம். சில செடிகளில் நிறமூர்த்தத் தொகுதி இரட்டிப்பாகிப் பன்மடியமாக இருக்கும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் புதிய வடிவங்களுக்கு வழிவிடும்.

1932இலிருந்து இரண்டு வருடம் திருவனந்தபுரத்திலே பேராசிரியர். 1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். இந்தியாவிலே விளைந்த கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது. சர்க்கரை நிறைந்த தடித்த கரும்பு நியூகினிப் பக்கத்தது, ஆனால் இந்திய மண்ணிலே நோய்க்கும் வறட்சிக்கும் தாங்காது. ஆற்றங்கரையிலே தானாக வளரும் பேய்க்கரும்பு என்னும் காட்டுப்புல்லோடு அதைக் கலந்தால் இரண்டின் குணமும் சேரும். பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் தொடங்கிவைத்த வேலை இது. (இந்தப் பார்பர் வேறு, புலமைப்பரிசில் தந்தவர் வேறு.) கலப்பு ஏன் பலிக்கின்றது என்பதைக் கலத்துக்குள்ளே பார்த்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். ஜானகி அம்மாள் கரும்பைச் சோளத்தோடும், வேறு புல்லினங்களோடும்கூடக் கலந்து அவற்றின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தார். பேய்க்கரும்பு தோன்றிய இடம் இந்தியாவே என்று காட்டினார். 1935இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார்.

ஆனால் அங்கே அவர் நிம்மதியாக இருக்கவில்லை. தனித்து வாழும் பெண், அதுவும் உயர்குலம் என்று கருதப்படாத தீயர் சமூகத்துப் பெண். உடன் வேலை செய்தவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கின்றார்கள். விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையகத்திலிருந்து போய் முதன்முதலில் ஒரு பெரிய நிறுவனத்திலே நாற்காலி பிடித்த எமது சகோதரிகளுக்கு இது விளங்கும்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவிலே பிறப்புரிமையியல் மாநாடு. ஜானகி அம்மாள் போயிருந்த வேளையில் உலகப் போர் மூண்டுவிட்டது. இங்கிலாந்திலேயே தங்கினார். 1940 முதல் இலண்டனுக்கு அருகே ஜோன் இன்னிஸ் நிலையத்திலே டார்லிங்டன் என்ற புகழ்பெற்ற கலவியலாளரோடு வேலை. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வது, விடிந்ததும் ஆய்வுகூடத் தட்டுகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு மீண்டும் வழுக்கிகளை எடுப்பது, இப்படிப் போனது அவருடைய போர்க்காலம். இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஓர் அணிலையும் அங்கே வளர்த்தார். 1945இல் இருவரும் சேர்ந்து பயிர்செய்யப்படும் தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணை என்ற நூலை வெளியிட்டார்கள். அதே ஆண்டு விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்துக்கு மாறினார். மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்கிசின் என்ற மருந்தைப் பூசி நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். அப்படி வந்த ஒரு வெள்ளை மக்னோலியா இன்றும் அவர் பெயரிலே அங்கு பூக்கின்றது.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் ஒரு மலரிலே எழுதத்தக்க வாழ்வுதான். ஆனால் அவர் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஐம்பது வயதுக்குப் பிறகு வருகின்றது.

1951இல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் திணைக்களம் 1890இல் வெள்ளைக்காரர் ஆட்சியிலே தொடங்கப்பட்டது. எந்தக் காட்டில் என்ன விளைகின்றது, எது காசாகும் என்று அறிவதே அன்றைய நோக்கம். சேர்த்த மாதிரிகளிற் பெரும்பகுதி கியூ தோட்டத்துக்குக் கப்பலேறிவிட்டது. எமக்கும் இது அந்நியமான கதை அல்ல. கோப்பி, சிங்கோனா, தேயிலை என்று பேராதனையும் ஹக்கலையும் செய்த வேலையின் விளைவாகத்தானே எமது பாட்டன் பூட்டிமார் இந்த மலைகளுக்கு வந்தார்கள். 1861இல் ஹக்கலையிலே சிங்கோனா நட்டதும் அதே கணக்கில் சேரும். ஜானகி அம்மாளுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு அத்திணைக்களத்தை மறுபடி கட்டியெழுப்புவது. கோயம்புத்தூர், பூனே, ஷில்லொங், தேராதூன் என்று வட்டார நிலையங்கள் அந்த மறுசீரமைப்பிலே பிறந்தன. நாட்டின் செடியை நாட்டவரே அறிந்து, நாட்டிலேயே மாதிரி வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாம் அவர் எண்ணியபடி நடக்கவில்லை. தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது, அது அவருக்கு வருத்தமே.

அலகாபாத்திலிருந்து கொண்டு இமயமலைச் சாரல் முழுதும் நடந்தார். வடகிழக்கின் குளிரும் ஈரமுமான மலைகளில் பன்மடியத் தாவரங்கள் அதிகம், வடமேற்கின் வறண்ட குளிரில் குறைவு என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. ஆகவே புதிய இனங்கள் உருவாகும் பட்டறை வடகிழக்குத்தான் என்றார்.

ஒருநாள் அந்த வடகிழக்கிலே ஒரு சம்பவம். ஷில்லொங்கிலிருந்து 37 மைல் தொலைவில் ஒரு மக்னோலியா மரம் இருப்பதாக அறிந்து தேடிப் போனார். மக்னோலியா கிரிபித்தி என்ற இனம், அந்தப் பகுதியில் இருந்ததோ அந்த ஒரு மரந்தான். போய்ப் பார்த்தால் மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. அதை அவர் டார்லிங்டனுக்குக் கடிதத்திலே எழுதினார். அதிக உணவு பயிரிடுவோம் என்ற இயக்கத்திலே காடுகள் வேகமாகத் திறக்கப்பட்ட காலம் அது. எரித்தவன் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான், அது என்ன மரம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதைக் கண்டபின் அவருடைய எழுத்தின் போக்கு மாறிற்று என்று நினைக்கின்றேன். அதுவரை செடியை மேம்படுத்துவது பற்றியே பேசியவர், இருக்கும் செடியைக் காப்பது பற்றிப் பேசலானார். 1955இல் பிரின்ஸ்டனிலே, மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்பதை ஆராய உலக அறிஞர்கள் கூடிய மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரத்தைப் பற்றி அங்கே கட்டுரை சமர்ப்பித்தார். பழங்குடி மக்கள் தம் காட்டுச் செடிகளை அறிந்திருந்த விதத்துக்கு அதில் மதிப்புக் கொடுத்திருந்தார்.

எங்கள் நாட்டிலும் அண்மையில் இதேபோல ஒன்று நடந்தது. குருடியா சிலானிக்கா என்ற மரம் இலங்கைக்கு மட்டுமே உரியது. 2012இன் சிவப்புப் பட்டியலிலே அழிந்துபோனதாகக் கணக்கிடப்பட்டது. 2019இல் கம்பஹாப் பக்கத்திலே ஒரு வீதியோரத்தில் ஒரு மரம் நிற்பதைத் தாவரம் அறிந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 2021இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போகின்றார்கள் என்று செய்தி வந்து பெரிய சர்ச்சையாயிற்று. அந்த மரத்துக்கு யாரோ பெயர் சொல்லியிருந்தபடியால்தான் சர்ச்சையாவது எழுந்தது.

ஜம்முவிலே பிராந்திய ஆய்வுகூடத்திலும், கொஞ்சக் காலம் ட்ரொம்பேயிலும் இருந்துவிட்டு, 1970இல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுநிலை விஞ்ஞானி. நகருக்கு வெளியே மதுரவாயலில் அம்மையத்தின் களநிலையம் இருந்தது. அங்கேயே வாழ்ந்தார். சுற்றிலும் மருந்துச் செடிகள், வீட்டுக்குள்ளே பூனைகள். காந்தியத்தில் பற்று, எளிய உடை, பெரும்பாலும் மஞ்சட் சேலை. 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி சைலண்ட் வேலி. கேரளத்திலே பாலக்காட்டு மாவட்டத்தில், நீலகிரியின் தென்மேற்கு மூலையில் உள்ள மழைக்காடு. குந்திப்புழை என்ற ஆறு அதன் நடுவே ஓடுகின்றது. சிங்கவால் குரங்குகள் வாழும் இடம். அந்த ஆற்றை மறித்து அணை கட்டி மின்சாரம் எடுக்க மாநில மின்சார சபை திட்டமிட்டது. 1973இல் திட்டக்குழுவின் அனுமதி கிடைத்தது. பின்தங்கிய மலபாருக்கு வெளிச்சமும் வேலையும் வரும் என்றார்கள். அது பொய்யான வாதமல்ல. காசல்ரீ, மவுசாக்கலை, கெனியன், லக்ஷபான என்று இத்தனை நீர்நிலைகளைச் சுற்றி வாழ்ந்தும், லயத்துக்குள் மின்விளக்கு எரிய எத்தனை தலைமுறை காத்திருந்தோம் என்று அறிந்த நாங்கள் மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். மறுபக்கம், மவுசாக்கலை வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் சேற்றிலிருந்து எழும்பி நிற்பதைப் பார்த்தவர்களும் நாங்கள்தான். ஊரின் பெயர் நினைவிலே இருக்கின்றது. அந்தப் பள்ளத்தில் நின்ற மரங்களின் பெயரை எம்மில் யார் எழுதிவைத்தோம்?

ஜானகி அம்மாள் செய்ய எண்ணியது அதைத்தான். எண்பது வயதைக் கடந்த நிலையில், பிறந்த மண்ணுக்கு அருகே ஒரு காடு ஏரியாகப் போகின்றது என்று அறிந்ததும், அக்காட்டு மரங்களின் நிறமூர்த்தங்களைக் கணக்கெடுக்கத் தீர்மானித்தார். தாம் துணிகரமான ஒரு வேலையில் இறங்கப் போவதாக நண்பருக்கு எழுதினார்.

இந்தக் கணக்கெடுப்பு எப்படிப்பட்டது என்று அறிந்தால் அத்துணிவு விளங்கும். மழைக்காட்டு மரம் ஐம்பது அறுபது அடிக்கு மேலேதான் பூக்கும். கலப்பிரிவைக் காண முற்றாத மொட்டு வேண்டும், அல்லது இளம் வேர்நுனி. ஏறிப் பறிக்க அவ்வூர்ப் பழங்குடி இளைஞர் உதவி தேவை. பறித்த உடனேயே மதுசாரமும் அசற்றிக்கமிலமும் கலந்த திரவத்தில் இட வேண்டும், தாமதித்தால் வீண். அதே மரத்திலே ஒரு கிளையை முறித்துத் தாளுக்கிடையே அழுத்தி, இடம், உயரம், திகதி, பூவின் நிறம் எல்லாம் எழுதிக் கட்ட வேண்டும். அந்தத் துண்டு இல்லாவிட்டால் எந்த மரத்தின் எண் அது என்று பின்னால் ஒருவராலும் நிரூபிக்க இயலாது. அட்டைக்கடி, மழை, வழுக்குப் பாறை. வட்டவளைப் பக்கத்து மழையிலே கொழுந்து எடுத்தவர்களுக்கு அட்டையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சைலண்ட் வேலியை ஜானகி அம்மாளே காப்பாற்றினார் என்று எழுதுவோரும் உண்டு. அது சரியல்ல. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊரூராகப் போய் விளக்கியது. கவிஞர் சுகதகுமாரி முதலானோர் பாடினார்கள். பறவையியலாளர் சாலிம் அலி, விவசாய விஞ்ஞானி சுவாமிநாதன் போன்றோர் அரசுக்கு எடுத்துரைத்தார்கள். எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு அமைந்தது. கடைசி முடிவு பிரதமர் இந்திரா காந்தியினுடையது. அந்தக் கூட்டத்தில் ஜானகி அம்மாளின் இடம் தனியானது. ஐம்பது வருடம் அரசாங்க ஆய்வுகூடங்களிலே பயிரைப் பெருக்க உழைத்த விஞ்ஞானி அவர். வளர்ச்சிக்கு எதிரி என்று அவரைத் தள்ளிவிட முடியாது. காட்டின் அழகைச் சொல்லி வாதாடாமல், உள்ளே என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்போம் என்ற நிலையில் நின்றார்.

1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பெப்ரவரி 7ஆம் திகதி, மதுரவாயல் நிலையத்திலேயே, வேலைக்கு நடுவே ஜானகி அம்மாள் காலமானார். வயது 86. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி, ஏறத்தாழ 90 சதுர கிலோமீற்றர் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஜம்முவில் உள்ள உலர்தாவரச் சேகரிப்புக்கு இப்போது அவருடைய பெயர். வகைப்பாட்டியலில் சிறந்தோருக்கு இந்திய அரசு அவர் பெயரால் விருது வழங்குகின்றது. கொடைக்கானலில் ரோசா வளர்ப்போர் இருவர் தாம் உண்டாக்கிய ஒரு ரோசாவுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கின்றார்கள். மதுரவாயலைச் சென்னை நகரம் விழுங்கிவிட்டது.

எமது பக்கத்திலும் இத்தகைய நிலங்கள் உள்ளன. நுவரெலியா நகருக்குள்ளேயே கல்வேஸ் காடு, முப்பது ஹெக்டேயருக்கும் குறைவானது. 1938இல் சரணாலயமாகி 2006இல் தேசியப் பூங்காவாயிற்று. பஸ்ஸிலே போகும்போது அது காடென்றே தெரியாது. சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் 2010இல் உலக மரபுரிமையாயின. ஆனால் தேயிலை மலைகளுக்கு இடையே ஓடை ஓரங்களில் துண்டுதுண்டாக நிற்கும் பழைய காட்டுக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. றொசல்லயிலிருந்து ஹட்டனுக்குப் புகையிரதத்தில் போகையில் யன்னலோரம் இருந்தால் அவற்றில் சிலவற்றைக் காணலாம். எமது உயிரியல் ஆசிரியைமார் பத்து மாணவியரையும் ஒரு கொப்பியையும் கொண்டு அப்படி ஒரு துண்டில் ஒரு வருடம், மாதத்துக்கு ஒருமுறை, பூத்தவற்றைக் குறித்துவர முடியும். தோட்ட நிருவாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பழைய தினசரித் தாளும் இரண்டு பலகையும் போதும், செடி அழுத்த வேறு கருவி தேவையில்லை. பெயர் தெரியாத மாதிரியைப் பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் காட்டிக் கேட்கலாம். கொழுந்து பறிக்கும் அம்மாமாரிடம் முதலில் கேட்டால் பாதிப் பெயர் அங்கேயே கிடைத்துவிடும்.